ஸ்டால் பயிற்சிக்கு முன் வானத்தைப் பார்க்கும் விதம்

செஸ்னா 172 என்ற சிறு விமானத்தில் இறக்கை நம் தலைக்கு மேலே இருக்கும். இடப்பக்கம் திரும்பினால் இடது இறக்கை தாழ்ந்து, நாம் போகப்போகும் திசையையே மறைத்துவிடும். ஃப்ளோரிடாவில் விமானம் ஓட்டப் பழகியபோது என்னைப் பெரிதும் படுத்தியது இதுதான். ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலை) போன்ற பயிற்சிகளுக்கு முன் ஒரு பக்கம் 90 டிகிரி, பிறகு மறுபக்கம் 90 டிகிரி திரும்பி, வேறு விமானம் இருக்கிறதா என்று சுற்றிலும் பார்ப்பது நடைமுறை. இறக்கை மறைத்தால் திரும்பி என்ன பயன்?

பயிற்றுநர் சொன்ன வழி எளிது. இடப்பக்கம் திரும்பும் முன் இடது இறக்கையைக் கொஞ்சம் உயர்த்தி, அந்தப் பக்கம் நன்றாகப் பார்த்துவிட்டு அப்புறம்தான் திருப்புவேன்.

கண்ணை ஓட்டிக்கொண்டே போனால் எதுவும் பிடிபடாது. 10 டிகிரி அளவுக்கு ஒரு துண்டு, அதில் ஒரு நொடியாவது நிலைத்த பார்வை, பிறகு அடுத்த துண்டு. வெறும் நீல வானத்தில் பார்வை தானாகவே கிட்டத்தில் குவிந்துவிடும். அதனால் முதலில் தூரத்து மேகத்தையோ அடிவானத்தையோ பார்த்துக்கொள்வேன். விமானத்தின் ஜன்னல் கண்ணாடியில் நகராமல் ஒரே இடத்தில் நிற்கும் புள்ளிதான் ஆபத்து. மோதும் பாதையில் வருவது அப்படித்தான் தெரியும்.

மற்ற விமானங்கள் ரேடியோ வழியே அறிவிக்கும் இடத்தைக் காட்டும் ஏடிஎஸ்-பி திரை உதவும்தான். அமெரிக்காவில் 2020 முதல் பல வான்பகுதிகளில் அப்படி இடத்தை அறிவிக்கும் கருவி விமானத்தில் கட்டாயம். ஆனால் மின் அமைப்பே இல்லாத பழைய விமானங்களும் கிளைடர்களும் அதில் தெரியாமல் போகலாம். அதனால் திரைக்கு ஒரு பார்வை, மீதி நேரமெல்லாம் வெளியே. இரண்டாவது திருப்பம் முடிந்த கையோடு பயிற்சியைத் தொடங்குகிறேன். தாமதமானால் மறுபடியும் திரும்பிப் பார்ப்பேன்.