ஜந்தர் மந்தரில் எல்லோருக்கும் 28.6 வந்த கதை

போன பிப்ரவரியில் ஒரு புது டீச்சர் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை டெல்லியில் இருக்கிற பழைய வானாய்வுக் கூடமான ஜந்தர் மந்தருக்குக் கூட்டிப்போனார். துணைக்கு நானும் போயிருந்தேன். பட்டேல் சௌக் மெட்ரோவில் இறங்கி நடக்கும்போதே, "அங்கே ஒரு பெரிய சாய்வுச் சுவர் இருக்கு, அதோட கோணம் 28.6 டிகிரி. அதைத்தான் அளக்கப் போறோம்" என்று சொல்லிவிட்டார். எனக்குப் பகீரென்றது. பதினைந்து வருடம் முன்பு நானும் இதையேதான் செய்தேன்.

தண்ணீர் பாட்டில், பெற்றோர் கையெழுத்து, தலை எண்ணுவது இதெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இப்படிக் கூட்டிப்போகும்போது டீச்சர்கள் நாம் செய்கிற தப்புகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

விடையை முதலில் சொல்வது

இரண்டாம் சவாய் ஜெய்சிங் 1724-ல் கட்டியது ஜந்தர் மந்தர். அங்கே இருப்பதிலேயே பெரியது சாம்ராட் யந்திரம் என்கிற சூரியக் கடிகாரம். அதன் சாய்ந்த விளிம்பு பூமியின் அச்சுக்கு இணையாக, துருவ நட்சத்திரத்தைப் பார்த்தபடி இருக்கும். அதனால் அந்தச் சாய்வும் டெல்லியின் அட்சரேகையும் ஒரே எண். திரிகோணமிதி படிக்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல கணக்கு எங்கே கிடைக்கும்?

பதினைந்து வருடம் முன்பு நான் கொடுத்த தாளிலேயே 28.6 என்று போட்டிருந்தேன். கருவி என்று பார்த்தால் ஜியோமெட்ரி பாக்ஸ் கோணமானி, ஒரு ஸ்ட்ரா, நூல், நூல் நுனியில் ஒரு நட்டு, அவ்வளவுதான். நாற்பது பேருக்கும் 28.6 வந்தது. ஒரு டிகிரிக்குக் கீழே படிக்கவே முடியாத பிளாஸ்டிக் கோணமானியில் அந்தப் புள்ளி ஆறு எங்கிருந்து முளைத்தது?

ஒரு பெண்ணின் நோட்டில் மட்டும் காகிதம் தேய்ந்து மெலிந்திருந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் அடியில் 31. கேட்டேன். "தப்பா வந்துச்சு மேம், சரி பண்ணிட்டேன்."

எங்கே நின்று பார்த்தாளாம்? வெயிலுக்கு ஒதுங்கி மரத்தடியில், சுவருக்குக் கோணலாக. அன்று ராத்திரி படம் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது. நேர் பக்கவாட்டில் நின்றால்தான் 28 சொச்சம் தெரியும். கொஞ்சம் விலகி நின்றால் சுவரின் நீளம் சுருங்கித் தெரியும், உயரம் அப்படியே இருக்கும், ஏற்றம் செங்குத்தாகிவிடும். 25 டிகிரி விலகி நின்றால் 31 வந்தே தீரும். அவள் நின்ற இடத்துக்கு அவள் அளவு சரி. அந்த நாற்பது பேரில் ஒழுங்காக அளந்த ஒருத்தியை ரப்பர் எடுக்க வைத்தது என் தாள். நினைத்தால் இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது.

இப்போதெல்லாம் வாயே திறப்பதில்லை. அளவுகளை வகுப்புக்குத் திரும்பி வந்து பலகையில் எழுதுவோம். ஒரு தடவை 24-லிருந்து 33 வரை வந்தது. யார் எங்கே நின்றது, யார் நூலில் விரலை வைத்தது என்று ஒரு பெரிய சண்டை. அது அடங்கிய பிறகுதான் அட்லஸைப் பிரிப்பேன். மொட்டை மாடி இருக்கிற பிள்ளை ராத்திரி அதே ஸ்ட்ராவில் துருவ நட்சத்திரத்தைப் பிடித்துப் பார்க்கலாம். லீவில் மதுரைக்குப் போனால் அங்கேயும் பார்க்கட்டும்; பத்து டிகிரிப் பக்கம்தான் இருக்கும், அடிவானப் புகைமூட்டம் விட்டால்.

புது டீச்சர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். நம் நாட்டு நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையைக் கணக்கில் வைத்தது, டெல்லி 77.2-ல் இருக்கிறது, டிகிரிக்கு நான்கு நிமிடம், ஆக நிழல் 12:21-க்கு மேற்கிலிருந்து கிழக்குப் பக்கம் மாறும் என்று. ஒரு பையன் உடனே 12:21 என்று எழுதிவிட்டுச் சுவருக்கு முதுகைக் காட்டி சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தான். நிழல் மாறியது 12:35-க்கு. சூரியன் வருடம் முழுக்க ஒரே சீராக ஓடுவதில்லை. பிப்ரவரி நடுவில் கால் மணி நேரம் போலப் பின்தங்கும், நவம்பர் தொடக்கத்தில் அதே அளவு முந்தும். அந்தப் பதினான்கு நிமிடத்தைப் பையன் பார்க்கவே இல்லை.

நவம்பரில் போவது

புகையில் நிழலே விழாது.

திங்கட்கிழமை போவது

ஜந்தர் மந்தரோடு சேர்த்துப் போக நினைக்கிற தேசிய அருங்காட்சியகமும் ரயில் அருங்காட்சியகமும் திங்களன்று மூடியிருக்கும். கேட்டுக்கு வெளியே எடுத்த குரூப் போட்டோ என்னிடம் இருக்கிறது.

பென்சில்

பேனாதான். தப்பாகத் தோன்றினால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதட்டும். ரப்பர்களை பஸ்ஸிலேயே வாங்கி ஒரு டப்பாவில் போட்டுவிடுவேன். திரும்பும்போது எது யாருடையது என்று அதற்கும் ஒரு சண்டை.