ஊர்ச் செய்தி போடும் மலையகத் தம்பி தங்கைகளுக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஒரு சம்பவம் நடந்தால், பத்திரிகைக்குப் போவதற்கு முன்னாலேயே இப்போது போனுக்கு வந்துவிடுகிறது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்றபடி ஒருவர் படம் எடுக்கிறார். டவுனில் கடை வைத்திருப்பவர் அதை வட்ஸ்அப் குழுவில் போடுகிறார். பொழுது சாய்வதற்குள் கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. தோட்டத்துச் சங்கதி உள்பக்கத்தில் நான்கு வரியாக வருவதற்கே நாட்கணக்கில் காத்துக் கிடந்தவர்களுக்கு இது பெரிய மாற்றம். அதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது.

ஆனால் வேகம் வந்த அளவுக்குக் கவனம் வரவில்லை. பிரதேச நிருபராக இருந்தவன் என்பதால், இளம் பிள்ளைகள் தங்கள் பதிவுகளைத் திருத்தித் தரச் சொல்லி அனுப்புகிறார்கள். அவற்றில் ஒரே மாதிரியான பிழைகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஒன்றுதான்: யாருக்காக எழுதுகிறோம் என்பதை மறந்துவிடுவது. மலையகச் செய்தியை முதலில் வாசிக்க வேண்டியவர் அந்த லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், இருப்பவர். தூரத்திலிருந்து பார்த்து "ஐயோ பாவம்" என்பவர் அவருக்குப் பின்னால்தான்.

டவுன் பெயரோடு நிறுத்துவது

"ஹட்டனில் மண்சரிவு, மக்கள் நிர்க்கதி!" இப்படி ஒரு பதிவு வந்தால் டிக்கோயா, நோர்வூட், கொட்டகலை, வட்டவளை என்று சுற்றியுள்ள தோட்டத்துக்காரர் எல்லோருக்கும் வயிறு கலங்கும். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் ஒரே நேரத்தில் வீட்டுக்குப் போன் எடுப்பார்கள். மழை நாளில் சிக்னலும் கிடைக்காது. அந்த ஒரு மணித்தியாலம் அவர்கள் படும் பாட்டை எழுதியவர் நினைத்தே பார்த்திருக்க மாட்டார்.

தோட்டத்தின் பெயரையாவது போட்டுவிட்டோம் என்று சிலர் திருப்திப்படுகிறார்கள். அதுவும் போதாது. மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்பவை ஏராளமான தோட்டங்களில் உண்டு. ஒரே தோட்டத்தின் இரண்டு டிவிஷன்களுக்கு இடையில் ஒரு மலையே இருக்கும். தோட்டத்துக்கு ஆபீஸ் பெயர் ஒன்று, நம் ஆட்கள் கூப்பிடும் பெயர் இன்னொன்று என்பதும் சாதாரணம். ஆபீஸ் பெயரை மட்டும் போட்டால் அங்குள்ள ஆயாவுக்குப் புரியாது. ஊர்ப் பெயரை மட்டும் போட்டால் பிரதேச செயலகத்தில் இருப்பவருக்குப் புரியாது. இரண்டையும் போடுங்கள். நம் லயங்களுக்கு வீதிப் பெயர் கிடையாது, கடிதமே தோட்ட ஆபீஸ் வழியாகத்தான் வருகிறது. ஆகவே லய இலக்கமும் கிராம உத்தியோகத்தர் பிரிவும்தான் முகவரி.

மேலே சொன்ன பதிவை எப்படி எழுதலாம் என்று பாருங்கள்: "நேற்று இரவு 9 மணியளவில், இன்ன தோட்டம், கீழ்ப்பிரிவு, 6 ஆம் இலக்க லயத்தின் பின்பக்க மண்மேடு சரிந்து மூன்று காம்பராக்களின் குசினிச் சுவர் உடைந்துள்ளது. யாருக்கும் காயமில்லை. லயத்தில் இருந்தவர்கள் தோட்டப் பாடசாலையில் தங்கியிருக்கிறார்கள். பாயும் பால்மாவும் சிறுபிள்ளைகளுக்கு உடுப்பும் தேவை." இதில் "நிர்க்கதி" என்ற சொல்லே இல்லை. ஆனால் உறவினருக்கு நிம்மதி, உதவி செய்ய நினைப்பவருக்கு வழி, அதிகாரிக்கு இடம் என்று மூன்றும் கிடைத்துவிடுகின்றன.

அடுத்தது எண்ணிக்கை. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் கொஸ்லந்தைக்குப் பக்கத்தில், அம்பிட்டிகந்தை தோட்டத்தின் மீரியபெத்தை பிரிவில் மலை சரிந்து லயங்களை மூடியது. முதல் நாள் நூற்றுக்கணக்கானவர்களைக் காணவில்லை என்று உலகம் முழுவதும் செய்தி போனது. பின்னர் அந்த எண்ணிக்கை பெருமளவு குறைந்தது. காணவில்லை என்று கணக்கில் வைத்த பலர் அந்த நேரத்தில் பாடசாலையிலும் வேலைக்காகத் தேயிலை மலையிலும் இருந்தவர்கள். பறிபோன உயிர்களின் துயரம் இதனால் ஒரு துளியும் குறையாது. ஆனால் பிள்ளை எங்கே என்று தெரியாமல் நின்ற தாய்க்கு அந்தப் பெரிய எண் என்ன செய்திருக்கும்? லயத்தில் எத்தனை பேர் பதிவு, அவர்களில் எத்தனை பேரைக் கண்ணால் பார்த்தாயிற்று, எத்தனை பேரின் தகவல் இன்னும் வரவில்லை என்று பிரித்து எழுதுங்கள். மொத்தமாக ஓர் எண்ணைத் தூக்கிப் போடாதீர்கள்.

மீரியபெத்தையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்கூட்டியே சொல்லியிருந்தது. "இந்த லயத்தை விட்டு இடம்மாறச் சொன்னார்களே, மாற்றுக் காணி என்னாயிற்று?" என்று வெயில் காலத்தில் கேட்கும் செய்திதான் நம்மிடம் குறைவு.

மழைக் காலத்து அறிவித்தல்கள்

மண்சரிவு எச்சரிக்கைக்கு மூன்று மட்டங்கள் உண்டு. மஞ்சள் என்றால் அவதானமாக இரு. செம்மஞ்சள் என்றால் எந்த நேரமும் வெளியேற ஆயத்தமாக இரு. சிவப்பு என்றால் வெளியேறு. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டும்போது முதல் மட்டம், 100 ஐத் தாண்டும்போது இரண்டாவது, 150 ஐத் தாண்டும்போது மூன்றாவது என்பது பொதுவான அளவு. இந்த வித்தியாசத்தைப் பாராமல் எல்லாவற்றுக்கும் "மண்சரிவு அபாயம்!" என்று ஒரே தலைப்புப் போட்டால், உண்மையில் சிவப்பு வரும் நாளில் யாரும் நகர மாட்டார்கள்.

அறிவித்தல் எந்தப் பிரதேச செயலாளர் பிரிவுக்கு, எத்தனை மணி தொடக்கம் எத்தனை மணி வரை என்பது அதிலேயே இருக்கும். படத்தை அழகாக வெட்டிப் போடும்போது முதலில் காணாமல் போவது அந்த வரிதான். அது இல்லாத அறிவித்தல் நாள் கடந்தும் குழுவுக்குக் குழு சுற்றிக்கொண்டே இருக்கும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்கள்தான் மோசமாக அடிபட்டன. அப்படியொரு இரவில் நேற்றைய மஞ்சளையும் இன்றைய சிவப்பையும் மாற்றிப் போடுவது உயிரோடு விளையாடுவது. சிங்களத்தில் மட்டும் வந்த அறிவித்தலைத் தமிழாக்கிப் போடுபவர்கள் பெரிய சேவை செய்கிறார்கள். அவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: இடப்பெயரையும் நேரத்தையும் இன்னொருவரிடம் வாசித்துக் காட்டிவிட்டுப் போடுங்கள்.

பெயர் தெரியாதவரின் குரல்பதிவைப் பரப்பவே வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்குக் கதைத்துக் கேட்கலாம்.

சம்பளச் செய்தி

நம் செய்திகளில் அதிகம் வாசிக்கப்படுவதும் அதிகம் பிழைபடுவதும் இதுதான். மேடையில் சொன்ன தொகை, வர்த்தமானியில் வந்த தொகை, சம்பளத் துண்டில் விழும் தொகை ஆகிய மூன்றும் வேறு வேறு. முதலாவதைத்தான் எல்லோரும் தலைப்பில் போடுகிறார்கள்.

2021 இல் "ஆயிரம் ரூபாய் கிடைத்துவிட்டது" என்றார்கள். அது 900 ரூபாய் அடிப்படைச் சம்பளமும் 100 ரூபாய் வரவு செலவுத் திட்டக் கொடுப்பனவும் சேர்ந்த தொகை. 2024 மே மாதத்தில் 1,700 என்று ஊரெல்லாம் பேச்சு. செப்டெம்பரில் நிலைத்த அடிப்படை நாட்சம்பளம் 1,350. 2026 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்த 1,750 உம் ஒரே தொகை அல்ல. அடிப்படை 1,550, வேலைக்கு வரும் நாளுக்கு அரசு தரும் 200. இதைப் பிரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடமிருந்து 8 வீதமும் கம்பனியிடமிருந்து 12 வீதமும், நம்பிக்கை நிதிக்குக் கம்பனியிடமிருந்து 3 வீதமும் போக வேண்டும். எந்தத் தொகைக்கு அந்த வீதம் கணக்கிடப்படுகிறது என்பதில்தான் ஓர் அம்மாவின் ஓய்வுகாலக் காசு தங்கியிருக்கிறது.

துண்டைக் கையில் வாங்கிப் பார்க்காமல் சம்பளச் செய்தி எழுத வேண்டாம். மாதத்தில் எத்தனை 'பேர்' (ஒரு நாள் வேலைக் கணக்கு) விழுந்திருக்கிறது, அதில் அரைப்பேர் எத்தனை, பேருக்குப் புறம்பான கைக்காசு எவ்வளவு என்று மேலிருந்து வாருங்கள். பிறகு கழிவுப் பக்கம்: சேமலாப நிதி, சங்கச் சந்தா, தேயிலைத்தூள், கோயில் காசு, முற்பணம். நிறை குறைந்த நாளில் அரைப்பேர் போட்டிருந்தால், அந்தத் தோட்டத்தில் ஒரு பேருக்கு எத்தனை கிலோ கேட்கிறார்கள் என்பதையும் எழுத வேண்டும். நாட்சம்பளத்தை முப்பதால் பெருக்கி "மாத வருமானம்" என்று போடுகிறவர்கள், மாதம் முழுவதும் வேலை கிடைக்காத தோட்டங்கள் எத்தனை இருக்கின்றன என்று விசாரித்ததே இல்லை.

தீபாவளி நெருங்கும்போது வரும் செய்தியிலும் இதே பிழை. "தொழிலாளர்களுக்குத் தீபாவளிக் காசு வழங்கப்பட்டது" என்று எழுதுகிறோம். வழங்கப்படுவது முற்பணம். அடுத்தடுத்த மாதங்களில் அதே துண்டில் கழிபடும் கடன். அன்பளிப்பு என்ற தொனியில் அதை எழுதுவது அநியாயம்.

யாரிடம் கேட்பது

பாதை உடைந்து கிடந்தால் உடனே "பிரதேச சபை தூங்குகிறது" என்று போடுகிறார்கள். சில இடத்தில் அது சரி, பல இடத்தில் தப்பு. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33 ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. 2018 இல்தான் அது திருத்தப்பட்டது. அந்த ஆண்டில்தான் நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை சபைகளும் இயங்கத் தொடங்கின. ஆகவே "இது எங்கள் பாதையில்லை" என்று சபை சொன்னால் அதை அப்படியே எழுதிவிட்டு வராமல், சட்டம் மாறிய பிறகு ஏன் இல்லை என்று கேளுங்கள். தோட்ட நிர்வாகத்திடமும் கேளுங்கள். இரண்டு பக்கத்துப் பதிலும் வந்தால்தான் அந்தப் பாதையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வைத்தியசாலைக்கு நடப்பவருக்கு ஏதாவது நடக்கும்.

வீட்டுத்திட்டச் செய்தியும் அப்படித்தான். அடிக்கல் நட்டது, கட்டி முடித்தது, சாவி கொடுத்தது, காணி உறுதி கொடுத்தது என்பவை நான்கு வெவ்வேறு செய்திகள். 2017 மே மாதம் நோர்வூட் மைதானத்தில் இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகள் என்று அறிவித்ததை எல்லோரும் எழுதினோம். உங்கள் தோட்டத்தில் எத்தனை கட்டப்பட்டன, அவற்றுக்குத் தண்ணீர் வந்ததா, உறுதி யார் பெயரில் என்பதை எழுத அந்தத் தோட்டத்துப் பிள்ளை ஒருவர் வேண்டும்.

குளவிக் கொட்டுச் செய்தி நம் பக்கம் ஓயாமல் வருகிறது. "குளவி கொட்டி பத்துப் பேர் வைத்தியசாலையில்" என்று முடித்துவிடாதீர்கள். கூடு இருப்பதை முன்னரே வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையிடம் சொல்லியிருந்தார்களா, எந்த வாகனத்தில் கொண்டுபோனார்கள், எவ்வளவு நேரம் சென்றது, கொட்டு வாங்கியவர்களுக்கு அன்றைய பேர் போட்டார்களா?

இடத்தைச் சொல்லக் கூடாத செய்திகள்

பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் நேர்ந்த வன்கொடுமைகளில், மேலே சொன்ன அத்தனையையும் தலைகீழாக்க வேண்டும். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதைத் தண்டனைச் சட்டக்கோவையே தடை செய்கிறது. பெயரைப் போடவில்லை, முகத்தை மறைத்துவிட்டோம் என்று நினைக்கிறீர்கள். ஆனால் டிவிஷனும் வயதும் தகப்பனின் தொழிலும் போதும், அது எந்த வீட்டுப் பிள்ளை என்று காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அந்தப் பிள்ளை நாளை அதே லயத்திலிருந்து அதே பாடசாலைக்குப் போக வேண்டும். மாவட்டத்தோடு நிறுத்துங்கள். சிறுவர் உதவிக்கான 1929 இலக்கத்தைக் கட்டாயம் சேருங்கள். தற்கொலைச் செய்தியில் முறையை விவரிக்க வேண்டாம். படமும் வேண்டாம். மனநல உதவிக்கு 1926 இருக்கிறது என்பதைச் சொல்லுங்கள்.

நிவாரணப் பொதி கொடுக்கும்போது வாங்குகிறவரின் முகத்தைப் படம் பிடிப்பதை நிறுத்த வேண்டும். இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

திருவிழாவும் கூத்தும்

மாசி மாதத்தில் தோட்டங்களில், சிவன் மன்மதனை எரித்த கதையை ஆடும் காமன் கூத்து நடக்கும். படங்களைக் குவித்து "பாரம்பரியக் கலை நிகழ்ச்சி" என்று ஒரு வரி போட்டு முடித்துவிடுகிறார்கள். அது வழிபாடும் கூட. மதனை எரிக்கும் இடத்துக்கு வந்ததும் வெளிச்சத்தை அடித்துக்கொண்டு முன்னால் போய் நிற்காதீர்கள். ரதியாக ஆடுபவர் யார், யாரிடம் பழகினார், தப்புப் பறை அடிப்பவர்கள் எந்த டிவிஷன் என்று மறுநாள் போய்க் கேட்டால் பத்துப் படத்தில் இல்லாத சங்கதி கிடைக்கும். தப்புக்காரர்களின் பெயர்தான் எப்போதும் விடுபடுகிறது. மாத்தளை முத்துமாரியம்மனின் மாசிமகத் தேரையோ சிவனொளிபாதமலைப் பருவகாலத்தையோ எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். உங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு நீங்கள் ஒருவர்தான்.

பிழை வந்துவிட்டால்

பதிவைச் சத்தமில்லாமல் அழித்துவிடுவது பலருக்குப் பழக்கம். அழித்தது உங்கள் பக்கத்தில் மட்டும்தான். அதற்குள் எடுத்த படமும் பிரதியும் இருபது குழுவில் சுற்றிக்கொண்டிருக்கும். போட்ட இடத்திலேயே திருத்தத்தைப் போடுங்கள், நேரத்தோடு போடுங்கள், பிழையையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "காலை 7 மணிக்கு ஐந்து பேர் காயம் என்று போட்டிருந்தோம். வைத்தியசாலையில் இருப்பவர்கள் மூவர். மற்ற இருவரும் வீட்டில் நலமாக இருக்கிறார்கள்." வீதி மூடிய செய்தியைப் போட்டிருந்தால் திறந்த செய்தியையும் நீங்களே போட வேண்டும். காலையில் நீங்கள் போட்டதை நம்பி, வீதி திறந்தது தெரியாமல், நோயாளியை ஏற்றிய முச்சக்கரவண்டிக்காரர் ஒருவர் இன்னமும் சுற்றுப்பாதையில் போய்க்கொண்டிருக்கலாம்.