தோள் ஆபரேஷனுக்குப் பிறகு மீண்டும் வில்: மலையில் இருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தோள்பட்டை ஆபரேஷன் முடிந்து வில்லுக்குத் திரும்புகிறவர்கள் அம்பு விடும் நொடியைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். தோள் மறுபடி கெடுவது பல நேரம் அதற்கு முன்னும் பின்னும்தான்: நாண் ஏற்றும்போது, டார்கெட்டிலிருந்து அம்பைப் பிடுங்கும்போது, இழுத்த வில்லை எய்யாமல் இறக்கும்போது, மலைப் பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்துத் தொங்கும்போது.

முதல் தவறு, என்ன ஆபரேஷன் நடந்தது என்று சரியாகத் தெரியாமலே நாள் எண்ணுவது. "ஜவ்வு கிழிஞ்சிருந்துச்சு, தைச்சாங்க" என்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். எலும்பு முனையைச் செதுக்கி இடைவெளி உண்டாக்குவது ஒன்று, தோள் மூட்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் ரொட்டேட்டர் கஃப் தசைநாரை எலும்போடு சேர்த்துத் தைப்பது வேறு, அடிக்கடி நழுவும் மூட்டுக்காக முன்பக்க லேப்ரத்தை, அதாவது மூட்டுக்குழி விளிம்பில் உள்ள குருத்தெலும்பு வளையத்தை, தைப்பது இன்னொன்று. முதலாவதில் சீக்கிரம் திரும்பலாம். தசைநாரைத் தைத்திருந்தால் கைத்தொட்டிலே (ஸ்லிங்) 4 முதல் 6 வாரம். தைத்த இடம் எலும்பில் ஓரளவு பற்றிக்கொள்ள ஏறக்குறைய 12 வாரம் ஆகும். வலுவூட்டும் பயிற்சி அதையொட்டித்தான் தொடங்கும். வில் 4 முதல் 6 மாதத்துக்குப் பிறகு. பெரிய கிழிசல் என்றால் இன்னும் தள்ளிப்போகும். சர்க்கரை நோய் இருந்தால் தோள் இறுகிப்போக வாய்ப்பு அதிகம். புகைபிடித்தால் தசைநார் ஒட்டுவது தாமதமாகும். எனவே பக்கத்து வீட்டுக்காரர் மூன்றாம் மாதமே எய்தார் என்பது உங்களுக்குக் கணக்கில்லை. டிஸ்சார்ஜ் தாளில் உள்ள ஆபரேஷன் பெயரைப் பிசியோவிடம் காட்டிக் கேளுங்கள்.

வலி போய்விட்டதை வலு வந்துவிட்டதாக எடுத்துக்கொள்வது அடுத்தது. வலி முதலில் போகும், வலு பின்னால்தான் வரும். ஆபத்து இந்த இடைவெளியில் இருக்கிறது. வில்லெடுக்கும் முன் பார்க்க வேண்டியது இரண்டு. இரண்டு கையையும் பக்கவாட்டில் தூக்கும்போது ஆபரேஷன் செய்த பக்கத் தோள் காதை நோக்கி ஏறக்கூடாது. முழங்கையை விலாவோடு ஒட்டி முன்கையை வெளிப்பக்கம் தள்ளும்போது மறுபக்கத்தின் வலுவில் பத்தில் ஒன்பது பங்காவது வேண்டும். இதை மருத்துவரோ பிசியோவோ தொட்டுச் சோதிக்க வேண்டும், வீடியோ காலில் தெரியாது. கீழே கோவைக்கோ மதுரைக்கோ போய்வர ஒரு நாள் வேலை கெடும் என்று மூன்றாம் மாதப் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறவர்கள் அதிகம். வேறு எதைத் தள்ளினாலும் அதை மட்டும் தள்ளாதீர்கள்.

பவுண்டுக் கணக்கு

தப்பு அதிகம் நடப்பது இங்கேதான். வில்லின் பவுண்டு என்பது நாணை இழுக்கத் தேவையான விசை. 40 பவுண்டு ரீகர்வ் (முனைகள் முன்பக்கம் வளைந்த வில்) எய்தவர், லிம்பை, அதாவது வில்லின் வளையும் பட்டையைப் பிடித்திருக்கும் லிம்ப் போல்ட்டைத் தளர்த்திவிட்டு "குறைத்துவிட்டேன்" என்பார். போல்ட்டைத் திருகிக் கிடைப்பது சுமார் 10 சதவீதம். 40 என்பது 36 ஆகும், அவ்வளவுதான். அதற்கு மேல் தளர்த்தினால் லிம்ப் கழன்றுவிடும் அபாயம் உண்டு. திரும்பி வரும்போது தேவை 14 முதல் 18 பவுண்டு, அதாவது புதிதாகச் சேரும் பிள்ளைகள் எய்யும் லிம்ப். வெட்கமாக இருக்கும். பரவாயில்லை.

லிம்பில் எழுதியிருக்கும் எண்ணை அப்படியே நம்பவும் கூடாது. அது 28 அங்குல இழுப்புக்கான எண். ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஏறக்குறைய 2 பவுண்டு கூடும், குறையும்; லேசான லிம்பில் அது சுமார் 1 பவுண்டு. 30 அங்குலம் இழுப்பவர் கையில் 18 பவுண்டு லிம்ப் சுமார் 20 ஆகிவிடும். பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று போதும்: கொக்கியை நாணில் மாட்டி, வழக்கமாக நிறுத்தும் இடம் வரை இழுத்து, வரும் கிலோவை 2.2 ஆல் பெருக்குங்கள். 8 கிலோ என்றால் 17.6 பவுண்டு. இழுப்பது நல்ல தோள் உள்ள இன்னொருவராக இருக்கட்டும்.

முனைகளில் கேம் என்ற சக்கரங்கள் உள்ள காம்பவுண்டு வில்லுக்கு மாறினால் தோளுக்குச் சுகம் என்பது பாதிதான் உண்மை. 50 பவுண்டு வில்லில் 80 சதவீத லெட்-ஆஃப் (முழு இழுப்பில் குறையும் சுமை) இருந்தால் முழு இழுப்பில் கையில் நிற்பது 10 பவுண்டுதான். ஆனால் அங்கே போய்ச் சேர 50 பவுண்டைக் கடந்தாக வேண்டும். எய்யாமல் இறக்கும்போது கேம் திரும்பும் இடத்தில் அந்த 50 பவுண்டும் ஒரே வெட்டில் கையை முன்னே பிடித்து இழுக்கும். தைத்த தோளுக்கு இதைவிட மோசமான அசைவு வில்வித்தையில் குறைவு. வலிக்கிறதே என்று அம்பில்லாத நாணை விட்டுவிடுவதும் கூடாது, வில்லே உடையலாம்.

அளவு என்று வந்தால், 5 மீட்டரில் டார்கெட் தாள் இல்லாத வெறும் ஃபோமை நோக்கி, சுற்றுக்கு 3 அம்பு, 8 சுற்று, மொத்தம் 24. மறுநாள் ஓய்வு. மறுநாள் காலை தோள் வழக்கம்போல இருந்தால் அடுத்த முறை 3 அம்பு கூட்டலாம். வலி 24 மணி நேரத்துக்கு மேல் நின்றாலோ, இரவில் எழுப்பினாலோ, முந்தைய அளவுக்குத் திரும்புங்கள். 60 அம்பு நிதானமாகப் போன பிறகு 2 பவுண்டு கூட்டுங்கள், குறைந்தது இரண்டு வாரம் அதில் நில்லுங்கள். ஒரே வாரத்தில் அம்பையும் பவுண்டையும் சேர்த்துக் கூட்டக்கூடாது. எய்யும் முன் வலி மாத்திரை போடுவது, எச்சரிக்கை மணியைக் கழற்றி வைப்பதுதான்.

கிளிக்கரையும் (முழு இழுப்பு வந்ததும் 'டக்'கென்று தட்டும் தகடு) ஸ்டெபிலைசரையும் (வில்லை ஆடாமல் நிறுத்தும் எடைக் கம்பி) ஆரம்பத்தில் கழற்றிவிடுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு இழுப்பு அரை அங்குலமாவது குறைந்திருக்கலாம். பழைய இடத்தில் இருக்கும் கிளிக்கர் தட்ட வேண்டும் என்று முழங்கையைப் பின்னே திணித்தால் மூட்டின் முன்பக்கம் இழுபடும். லேப்ரம் தைத்தவர்களுக்கு அதுவே பலவீனமான இடம். வில் பிடிக்கும் கைதான் ஆபரேஷன் ஆன கை என்றால் ஸ்டெபிலைசரின் எடை வீண் சுமை. பழைய அம்புகள் இந்த லேசான வில்லுக்கு விறைப்பாக இருக்கும், வலக்கைக்காரர்களுக்கு இடப்பக்கம் போகும். 5 மீட்டரில் அதைத் திருத்த முயல வேண்டாம்.

சோர்வு வந்ததை வலி சொல்வதற்குள் தோள் சொல்லிவிடும். போனைப் பின்பக்கம் நிறுத்தி வீடியோ எடுத்துப் பாருங்கள். முதல் சுற்றில் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இருந்த பள்ளம் ஆறாம் சுற்றில் மேடாகி, சட்டைக் காலர் காதுப் பக்கம் தள்ளப்பட்டிருக்கும். சிறு தசைகள் விட்டுவிட்டன, கழுத்துத் தசை தூக்குகிறது என்று அர்த்தம். எண்ணிக்கை முடியாவிட்டாலும் அன்றைக்கு அதோடு சரி.

மலை சேர்க்கும் சிக்கல்கள்

ஊட்டி 2,240 மீட்டர் உயரம்; கொடைக்கானலும் 2,100 மீட்டர். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் காலை ஆறரைக்கு வில்லெடுப்பது, திரும்பி வரும் தோளுக்குத் தண்டனை. வெயில் ஏறி ஒன்பது மணிக்கு மேல் போங்கள். 15 நிமிட நடை, பிறகு மெல்லிய ரப்பர் பேண்டில் இழுப்பு. தொளதொள ஸ்வெட்டர் நாணில் மாட்டும். உள்ளே ஒட்டிய உடை, மேலே செஸ்ட் கார்டு (நாண் உடையில் மாட்டாமல் காக்கும் மார்புக் கவசம்). மஞ்சு விலகட்டும் என்று முழு இழுப்பில் காத்து நிற்காதீர்கள். மெதுவாக இறக்கிவிட்டு மறுபடி இழுங்கள்.

மலையில் சமதளம் கிடைப்பது அபூர்வம் என்பதால் டார்கெட்டை மேட்டில் வைத்துவிடுவார்கள். குறி பார்க்க வில் கையை மட்டும் தூக்கினால் கை தோள் மட்டத்துக்கு மேல் போய், தைத்த தசைநார் எலும்புக்கு அடியில் நசுங்கும். முதலில் நேர் மட்டத்தில் முழுதாக இழுத்து, பிறகு இடுப்பிலிருந்து உடம்பைச் சாய்க்க வேண்டும். 18 பவுண்டில் 70 மீட்டர் எய்ய ஆசைப்படுவதும் இதே தவறுதான். அம்பு போய்ச் சேர வில்லை வானத்துக்குத் தூக்க வேண்டியிருக்கும். 18 மீட்டர் போதும்.

ஃபோமில் இறுகிய அம்பைக் கையை நீட்டி வெடுக்கென்று பிடுங்காதீர்கள். நல்ல கையால் தாளுக்கு அருகே பிடித்து, மறு உள்ளங்கையை லேசாக ஃபோமில் வைத்து, ஒரு அடி பின்னே நகர்ந்து உடல் எடையால் இழுங்கள். அம்பின் முன்பாதியில் காய்ந்த சோப்பைத் தேய்த்துவைத்தால் எளிதில் வரும். ஆபரேஷன் ஆன பக்கத்தை முட்டுக்கொடுக்கவும் முடியவில்லை என்றால் கூட இருப்பவர் பிடுங்கட்டும். நாண் ஏற்றுவதையும் முதல் மாதங்களில் அவரிடமே விடுங்கள். வில்லைக் காலுக்கு நடுவே விட்டு வளைக்கும் பழைய முறை வேண்டவே வேண்டாம்.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு. மேல்கம்பியைப் பிடித்த கையில் ஒவ்வொரு வளைவும் ஒரு வெட்டு. உட்கார இடமுள்ள பஸ்ஸாகப் பார்த்து ஏறுங்கள், பை நல்ல தோளில் இருக்கட்டும். தேயிலைக் கத்திரி பிடித்த நாள், கேரட் மூட்டை தூக்கிய நாள், விறகு பிளந்த நாள் எல்லாம் தோளுக்கு ஏற்கெனவே பயிற்சி நாள்தான். அன்று வில் வேண்டாம்.

இழுக்கும்போது தோளுக்குள் 'டக்'கென்று ஏதோ விட்டதுபோல் இருந்து, பிறகு கையைப் பக்கவாட்டில் தூக்க முடியாமல் போனால், தைலம் தேய்த்து ஒரு வாரம் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். கைத்தொட்டிலை மாட்டிக்கொண்டு மறுநாளே கீழே இறங்கி, ஆபரேஷன் செய்த மருத்துவரைப் பாருங்கள்.