சேலத்தில் விட்டு வந்த நாயை ஜெர்மனிக்கு அழைத்து வருவது எப்படி?

வேலை கிடைத்து ஜெர்மனிக்கு வந்தாயிற்று. முகவரியைப் பதிவு செய்து, வங்கிக் கணக்கு திறந்து, குளிருக்குச் சட்டையும் வாங்கியாயிற்று. அதன் பிறகும் பலருக்கு ஒரு கவலை மிச்சமிருக்கிறது. அழகாபுரத்து வீட்டிலோ ஏற்காட்டு எஸ்டேட்டிலோ அப்பா அம்மாவின் பொறுப்பில் விட்டு வந்த நாய் அங்கேயே இருக்கிறது. வீடியோ அழைப்பில் குரலைக் கேட்டதும் வாசலுக்கு ஓடிப் போய்ப் பார்க்கிறது. செல்லப்பிராணிகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவைக்கும் ஏஜென்ட்டிடம் கேட்டால் அவர் சொல்லும் தொகையில் பேச்சு அன்றோடு நின்றுவிடுகிறது.

ஏஜென்ட் இல்லாமலே இதைச் செய்ய முடியும். நாள்களை வரிசைப்படுத்துவது, படிவம் நிரப்புவது, விமான நிறுவனத்திடம் பேசுவது, அலுவலகத்தில் காத்திருப்பது ஆகியவைதான் அவர் செய்யும் வேலைகள். ஊரில் பொறுப்பான ஒருவர் இருந்தால் இவை அனைத்தும் குடும்பத்துக்குள்ளேயே முடியும். சட்டம் விதித்திருக்கும் காத்திருப்புக் காலத்தை அவராலும் குறைக்க முடியாது. இந்த வேலையில் பணத்தை விட முக்கியமானது தேதி. ஒரு தேதி பிசகினால் மாதக்கணக்கில் பின்னால் போக வேண்டியிருக்கும்.

தொடங்குமுன் நாயின் பக்கமிருந்து ஒரு முறை யோசியுங்கள். சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டத்துக்குள் நாள் முழுவதும் சுற்றித் திரிந்து, இரவில் காவலிருந்து பழகிய நாட்டு நாயை மூன்றாம் மாடிக் குடியிருப்பில் அடைத்து வளர்ப்பது அதற்கு நல்லதா? பன்னிரண்டு வயதில், இதயம் பலவீனமான நாய்க்குப் பத்து மணி நேர விமானப் பயணம் தேவையா? நீங்கள் காலை எட்டு மணிக்குப் போய் மாலை ஆறு மணிக்குத் திரும்புபவரானால் நடுவில் அதை யார் வெளியே அழைத்துப் போவார்கள்? இந்தக் கேள்விகளுக்கு நேர்மையான பதில் 'வேண்டாம்' என்றால், பாட்டி வீட்டு முற்றத்திலேயே அது நிம்மதியாக வாழட்டும். அதுவும் அன்புதான். இளமையான, உங்களையே ஒட்டி வளர்ந்த நாய் என்றால் தயங்காமல் மேலே படியுங்கள்.

ஐந்து நாள் விதி

முன்னதாகவே வந்துவிட்டவர்கள் கவனிக்க வேண்டிய முதல் விதி இது. ஐரோப்பிய ஒன்றியத்தின் கணக்கில் செல்லப்பிராணி உரிமையாளரோடு பயணம் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் உரிமையாளரின் பயணத்துக்கு 5 நாள் முன்போ பின்போ, அவர் எழுத்து மூலம் அனுமதித்த ஒருவரோடு வர வேண்டும். அந்த 5 நாளைத் தாண்டினால் அது வணிக முறை இறக்குமதியாகக் கணக்கிடப்படும். சான்றிதழ் வேறு, நுழைவுச் சோதனை வேறு, செலவும் வேறு. 'அப்பா விசிட்டர் விசாவில் வரும்போது கையோடு கூட்டி வரட்டும்' என்று நினைப்பவர்கள், அந்தப் பயணத்தை ஒட்டித் தாங்களும் ஊருக்குப் போய்த் திரும்ப வேண்டும்.

ஆகவே உங்கள் அடுத்த ஊர்ப்பயணத்தையே நாயின் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்குப் போய் ஜனவரி இறுதியில் திரும்புவதாக இருந்தால் ஊரில் வேலை முந்தைய ஆகஸ்டிலேயே தொடங்கிவிட வேண்டும்.

சிப், தடுப்பூசி, இரத்தம்

இந்த மூன்றும் இதே வரிசையில்தான் நடக்க வேண்டும். முதலில் மைக்ரோசிப், அதாவது நாயின் தோலுக்கடியில் பொருத்தும் சிறிய அடையாளச் சில்லு. பதினைந்து இலக்க எண் கொண்ட, ஐஎஸ்ஓ 11784, 11785 தரத்துக்கு உட்பட்ட சிப்பாக இருக்க வேண்டும். சேலத்தில் எல்லா கிளினிக்கிலும் இருப்பு வைத்திருக்க மாட்டார்கள். முன்கூட்டிச் சொன்னால் வரவழைத்துக் கொடுப்பார்கள். போட்டவுடன் ஸ்கேனரில் எண் தெரிகிறதா என்று அப்பாவே நேரில் பார்த்து, படமெடுத்து வைக்கட்டும்.

சிப்புக்குப் பிறகுதான் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. ஒரே நாளில் இரண்டையும் செய்யலாம், ஆனால் சிப் முந்த வேண்டும். குட்டிக்கு 12 வாரம் நிறைந்திருக்க வேண்டும். 'போன வருடமே ஊசி போட்டாயிற்றே' என்றால் செல்லாது. சிப் இல்லாத நாளில் போட்ட ஊசி எந்த நாய்க்குப் போடப்பட்டது என்பதற்குச் சான்று இல்லை என்பதே ஐரோப்பிய அதிகாரிகளின் வாதம். தடுப்பூசி அட்டையில் சிப் எண், ஊசி மருந்தின் பெயர், பேட்ச் எண், போட்ட தேதி, காலாவதியாகும் தேதி, மருத்துவரின் கையொப்பம், கால்நடை மருத்துவக் கவுன்சில் பதிவு எண் எல்லாம் தெளிவாக இருக்கட்டும். அடித்துத் திருத்திய தேதி ஒன்று கூட இருக்கக் கூடாது.

மூன்றாவது இரத்தப் பரிசோதனை. வெறிநோய் ஆபத்து குறைந்த நாடுகள் என்று ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் பட்டியலில் இந்தியா இல்லை. அதனால் ஊசி வேலை செய்திருக்கிறது என்பதை நிரூபிக்கும் டைட்டர் பரிசோதனை கட்டாயம். ஊசி போட்டு குறைந்தது 30 நாள் கழித்து இரத்தம் எடுக்க வேண்டும். எதிர்ப்பொருள் அளவு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகு அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். இரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் முடிந்த பிறகே ஐரோப்பாவுக்குள் நுழைய முடியும். 12 வாரம், 30 நாள், 3 மாதம் என்று கூட்டிப் பார்த்தால் ஏழு மாதத்துக்குக் குறைந்த குட்டியை இந்தியாவிலிருந்து கொண்டு வரவே முடியாது என்பது புரியும்.

எந்த ஆய்வகத்துக்கு அனுப்பலாம் என்பதை ஐரோப்பிய ஆணையத்தின் இணையதளத்தில் உள்ள பட்டியலைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அந்தப் பட்டியலில் இல்லாத ஆய்வகம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதன் அறிக்கை பயன்படாது. இரத்தத்தை அப்படியே அனுப்புவதில்லை. சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, இரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியான சீரத்தைப் பிரித்து, குளிர் குறையாமல் கூரியரில் அனுப்ப வேண்டும். இந்த வசதி சிறிய கிளினிக்கில் இல்லையென்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரிக்கலாம். சேலத்திலிருந்து ஒன்றேகால் மணி நேரப் பயணம்தான். ஆத்தூர் பக்கம் இருப்பவர்களுக்குத் தலைவாசல் கால்நடை மருத்துவக் கல்லூரி அருகில். இரத்தம் எடுக்கும்போது மருத்துவர் சிப்பை ஸ்கேன் செய்து அந்த எண்ணைப் படிவத்தில் எழுத வேண்டும். ஓர் இலக்கம் மாறினாலும் அறிக்கை வேறொரு நாயுடையதாகிவிடும்.

முடிவு வந்த பிறகு நிறையப் பேர் அசந்துவிடும் இடம் ஒன்று இருக்கிறது. அடுத்த ஆண்டு ஊசியை அதன் காலாவதித் தேதிக்கு முன்பே போட்டுவிட வேண்டும். ஒரு நாள் கடந்து போட்டாலும் அது புதிய முதல் ஊசியாகக் கருதப்படும். டைட்டர் பரிசோதனையும் 3 மாதக் காத்திருப்பும் மீண்டும் தொடங்கும். ஊசி விடாமல் தொடர்ந்தால் ஒருமுறை எடுத்த டைட்டர் நாயின் ஆயுள் முழுவதற்கும் போதும்.

இந்த மூன்று மாதத்தை வீணாக்க வேண்டாம். நம் ஊரில் உண்ணி வழியாக வரும் எர்லிக்கியா, பபேசியா போன்ற நோய்கள் நாயின் உடலில் வெளித்தெரியாமல் தங்கியிருக்கும். அவற்றுக்கும் இதயப்புழுவுக்கும் ஊரிலேயே பரிசோதித்து மருத்துவம் பார்த்துவிடுங்கள். ஜெர்மனியில் அந்தக் காய்ச்சல் வந்தால் அங்குள்ள மருத்துவருக்கு அது உடனே தோன்றாமல் போகலாம்.

கூண்டும் வெயிலும்

சிறிய நாய் என்றால் பையோடு சேர்த்து 8 கிலோ வரை பல விமான நிறுவனங்கள் பயணிகளோடு உள்ளே அனுமதிக்கின்றன. அதற்கு மேல் என்றால் விமானத்தின் அடிப்பகுதியில், அழுத்தமும் வெப்பமும் கட்டுப்படுத்தப்பட்ட அறையில் பயணிக்கும். ஒரு விமானத்தில் இத்தனை விலங்குகள்தான் என்று வரம்பு இருக்கும். ஆகவே முதலில் தொலைபேசியில் நாய்க்கு இடம் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, பிறகு உங்கள் டிக்கெட்டை எடுங்கள். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களைப் பல நிறுவனங்கள் அடிப்பகுதியில் ஏற்றுவதில்லை. மூச்சுத் திணறல் ஆபத்து உண்மையானது என்பதால் இந்த விஷயத்தில் கெஞ்சிப் பார்ப்பது வேண்டாம்.

கூண்டின் அளவுக்கு விமானப் போக்குவரத்துச் சங்கமான அயாட்டா வகுத்த கணக்கு இருக்கிறது. மூக்கு நுனியிலிருந்து வால் அடி வரை உள்ள நீளத்தோடு, தரையிலிருந்து முன்னங்கால் முழங்கை வரை உள்ள உயரத்தில் பாதியைக் கூட்டினால் கூண்டின் நீளம். தோள் அகலத்தின் இருமடங்கு கூண்டின் அகலம். நின்றபடி தலை அல்லது காது நுனி வரை உள்ள உயரத்தோடு விரிப்பின் கனத்தைச் சேர்த்தால் கூண்டின் உயரம். செவ்வாய்ப்பேட்டையில் தெரிந்த ஆசாரியிடம் மரப்பெட்டி செய்துகொள்ளலாம் என்று தோன்றும், வேண்டாம். வெப்பமூட்டிப் பதப்படுத்திய முத்திரை இல்லாத மரப்பெட்டியை ஐரோப்பாவில் மரப்பூச்சி அச்சத்தால் தடுத்துவிடலாம். கெட்டியான பிளாஸ்டிக் கூண்டு, உலோகக் கதவு, உலோக போல்ட்டுகள், வெளியிலிருந்து நீர் ஊற்றக்கூடிய கிண்ணம் போதும்.

அந்தக் கூண்டைப் பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே வாங்கிக் கூடத்தில் கதவைத் திறந்து வைத்துவிடச் சொல்லுங்கள். தினச் சோறு அதற்குள்தான். அம்மாவின் பழைய சேலைத் துண்டை உள்ளே விரித்தால் நாய் தானாகவே போய்ப் படுக்கும். தூக்க மருந்து கொடுத்து அனுப்பலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உயரத்தில் அது மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் குலைக்கும். மயக்கத்தில் இருக்கும் நாயை விமான நிறுவனமும் ஏற்காது. கூண்டில் படுத்துப் பழகிய பழக்கம் ஒன்றுதான் அந்த இருட்டான பத்து மணி நேரத்தில் நாய்க்குத் துணை.

மார்ச் முதல் ஜூன் வரை பயணத்தை வைக்காதீர்கள். தரையில் வெப்பம் அதிகமாக இருந்தால் விமான நிறுவனம் விலங்கை மறுக்கும். சேலத்து வெயிலில் நெடுஞ்சாலைப் பயணமும் கொடுமை. ஏற்காட்டிலிருந்து வருவதானால் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வாந்தி எடுக்காத நாய் அரிது. முதல் நாளே மலையிறங்கி, சேலத்தில் ஓர் இரவு தங்கவைத்து, விடியற்காலையில் காரில் கிளம்புங்கள். பெங்களூருக்குத் தர்மபுரி, கிருஷ்ணகிரி வழியாக ஏறத்தாழ 200 கிலோமீட்டர், சென்னைக்கு 340. இரண்டு ஊர்களிலிருந்தும் பிராங்பர்ட்டுக்கு நேரடி விமானம் உண்டு. தூரமும் குளுமையும் பெங்களூருக்குச் சாதகமானவை.

கடைசி வாரம்

நாட்டை விட்டு வெளியேற, மத்திய அரசின் விலங்குகள் தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்பு நிலையத்தின் சான்று வேண்டும். பெங்களூரிலும் சென்னையிலும் இதன் மண்டல நிலையங்கள் இருக்கின்றன. எந்த ஊரிலிருந்து பறக்கிறீர்களோ அந்த நிலையத்தில் முன்கூட்டியே நாள் கேட்டு, நாயை நேரில் காட்ட வேண்டும். கடவுச்சீட்டு, விசா, டிக்கெட், தடுப்பூசி அட்டை, உள்ளூர் மருத்துவரின் உடல்நலச் சான்று, டைட்டர் அறிக்கையின் அசல் பிரதி எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கான உடல்நலச் சான்றிதழிலும் அந்த அரசு மருத்துவரே கையொப்பமிட வேண்டும். இந்தப் படிவத்தை நீங்களே பதிவிறக்கி நிரப்பிக் கொண்டு போவது நல்லது. முதன்முதலில் கால் வைக்கும் ஐரோப்பிய நாட்டின் மொழியும் ஆங்கிலமும் அதில் இருக்க வேண்டும். பிராங்பர்ட்டில் இறங்கினால் ஜெர்மன், பாரிஸில் விமானம் மாறினால் பிரெஞ்சு. கையொப்பமும் முத்திரையும் அச்சு நிறத்திலிருந்து மாறுபட்டிருக்க வேண்டும், அதனால் நீல மை பேனா ஒன்றைக் கையில் வைத்திருங்கள். கையொப்பமிட்ட நாளிலிருந்து 10 நாளுக்குள் ஐரோப்பாவுக்குள் நுழைந்துவிட வேண்டும். விற்கவோ உரிமை மாற்றவோ கொண்டு வரவில்லை என்ற உங்கள் உறுதிமொழியையும் அதோடு இணைக்க வேண்டும்.

இறங்கியதும் பச்சை வழியில் போகாமல் சிவப்பு வழியில் சுங்க அதிகாரியிடம் போய் நாய் இருப்பதைச் சொல்லுங்கள். தாள்கள் சரியாக இருந்தால் சிப்பை ஸ்கேன் செய்து அனுப்பிவிடுவார்கள். சரியாக இல்லாவிட்டால் திருப்பி அனுப்பலாம், உங்கள் செலவில் தனிமைப்படுத்தலாம். வேறு வழியே இல்லாதபோது கருணைக்கொலை வரை சட்டம் இடம் கொடுக்கிறது. இதைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, தேதிகளை இரண்டு பேர் சரிபார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். நாய்க்குச் சாப்பாடு என்று இறைச்சியோ பாலோ கலந்த தீவனத்தைப் பெட்டியில் வைக்காதீர்கள்; அதற்கு அனுமதி இல்லை.

இனத்தையும் முன்பே பாருங்கள். பிட்புல் டெரியர், அமெரிக்கன் ஸ்டாஃபோர்டுஷயர் டெரியர், ஸ்டாஃபோர்டுஷயர் புல்டெரியர், புல்டெரியர் ஆகிய நான்கும் அவற்றின் கலப்பும் ஜெர்மனிக்குள் வர முடியாது. நம் ஊரில் பலர் வளர்க்கும் ராட்வைலருக்குப் பவேரியா போன்ற சில மாநிலங்களில் கூடுதல் கட்டுப்பாடு உண்டு. வேறு நாட்டுக்குப் போகும் உறவினருக்கு இந்தக் கணக்கை அப்படியே சொல்லிவிடாதீர்கள். பிரிட்டனுக்கு விமானத்தில் நாய் சரக்காகத்தான் போக முடியும். புறப்படும் முன் நாடாப்புழு மருந்தும் வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கு இந்தியாவிலிருந்து நேரடியாகக் கொண்டு போகவே முடியாது.

வந்த பிறகு

வாடகை ஒப்பந்தத்தைப் படித்து, வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். நாய், பூனை கூடவே கூடாது என்ற பொதுத் தடை செல்லாது என்று ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. ஆனாலும் ஒவ்வொரு வீட்டின் நிலையையும் தனித்தனியாகப் பார்ப்பார்கள் என்பதால் கேட்டுச் செய்வதே நல்லது. நகராட்சியில் நாய் வரி கட்ட வேண்டும். பெர்லினில் முதல் நாய்க்கு ஆண்டுக்கு 120 யூரோ, மியூனிக்கில் 100 யூரோ. நாய் யாரையாவது கடித்தாலோ சைக்கிளில் போகிறவரை விழச் செய்தாலோ இழப்பீடு தரும் பொறுப்புக் காப்பீட்டைச் சில மாநிலங்கள் கட்டாயமாக்கியிருக்கின்றன. கட்டாயமில்லாத இடத்திலும் எடுத்துவிடுங்கள். ரயிலில் பெரிய நாய்க்கு டிக்கெட்டும் வாய்மூடியும் தேவை. ஊரில் இருக்கும்போதே வாய்மூடி பழக்கிவிடுவது உதவும்.

ஜனவரியில் வரும் சேலத்து நாய்க்குக் குளிர் ஒரு பக்கம், பனி உருகத் தெருவில் தூவும் உப்பு இன்னொரு பக்கம். உள்ளங்கால் வெடித்து இரத்தம் வரும். அதை நக்கினால் வயிறும் கெடும். ஒவ்வொரு நடைக்குப் பிறகும் வெதுவெதுப்பான நீரில் காலைக் கழுவித் துடையுங்கள். முதல் சில வாரம் சங்கிலியை எங்கும் கழற்றாதீர்கள். வழி தெரியாத ஊரில் மிரண்டு ஓடிய நாய் திரும்பி வராது. சிப் எண்ணை டாஸோ என்ற இலவசப் பதிவேட்டில் உங்கள் ஜெர்மன் தொலைபேசி எண்ணோடு சேர்த்துவிடுங்கள். பக்கத்துக் கால்நடை மருத்துவரிடம் இந்தியத் தாள்களைக் காட்டி ஐரோப்பியச் செல்லப்பிராணிப் பாஸ்போர்ட் கேளுங்கள். டைட்டர் முடிவையும் அதில் பதியச் சொல்லுங்கள், அடுத்த ஊசியின் தேதியைச் சுவரில் மாட்டிய காலண்டரில் இன்றே குறித்துவிடுங்கள்.