ரங்கூன் சந்தையில் விலாங்கு வாங்கும்போது செய்யும் தவறுகள்

மீனுக்குத் தலையும் பாம்புக்கு வாலும் காட்டும் என்று விலாங்கைச் சொல்வார்கள். ரங்கூனில் அந்தப் பெயரே நம்மை ஏமாற்றிவிடுகிறது. சான் பியா மீன் சந்தையில் வாளிக்குள் நெளியும் பழுப்பு மீனைப் பர்மியர் ஙஷின் என்கிறார்கள். நாம் விலாங்கு என்று சொல்லி வாங்கி வருகிறோம்.

கையில் எடுத்துப் பாருங்கள். (வழுக்கும், துணியோடு பிடியுங்கள்.) அசல் விலாங்குக்குச் செவுளை ஒட்டி இரண்டு பக்கமும் சின்னத் துடுப்பு இருக்கும். ஙஷினுக்கு அது கிடையாது. தொண்டைக்கு அடியில் ஒரே ஒரு கீறல், அதுதான் செவுள் வாய். விலாங்கு கடலில் பிறந்து ஆற்றில் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்கே திரும்பிப் போய்ச் சாகும். ஙஷினுக்கு வயல் சேறுதான் எல்லாம். பெரும்பாலும் பெண்ணாகவே பிறந்து, வளர்ந்தபின் ஆணாக மாறும். சொந்தம் என்று பார்த்தால் முதுகில் முள்வரிசை உள்ள ஆரல்தான் இதற்குப் பங்காளி.

பெயர்தானே, மாறினால் என்ன என்று விட முடியாது. விலாங்கு கொழுப்பு மீன், அதன் எண்ணெயிலேயே வெந்துவிடும் என்று எங்கோ படித்துவிட்டு, நான் ஙஷினை வெறும் கல்லில் போட்டேன். தோல் முழுக்கக் கல்லோடு போய்விட்டது. அசல் விலாங்கில் 100 கிராமுக்குக் கொழுப்பு 11, 12 கிராம் வரும். ஙஷினில் ஒன்றரை கிராம்கூடத் தேறுவது சந்தேகம். விராலுக்குச் செய்வதுபோல் புளிக்குழம்பு வையுங்கள், சரியாக வரும்.

உயிரோடு வாங்கினால் வாளி நிறையத் தண்ணீர் ஊற்றி மூடி வைப்பது இன்னொரு தப்பு. கெண்டைக்குத் தண்ணீர் வேண்டும். இது மேலே வந்து காற்றை விழுங்கும் மீன். மூக்கு வெளியே எட்டாவிட்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துவிடும். உடம்பு நனையும் அளவு போதும். வழவழப்பு போகவும் முதலில் தண்ணீர் வேண்டாம். கல்லுப்பும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, அப்புறம் கழுவுங்கள். கேஸ் அடுப்பு வந்தபின் சாம்பலுக்கு எங்கே போவது? தவிடு போதும்.

சுவையைவிட முக்கியமானது புழு. ஙஷின், விரால், தேளி மூன்றிலுமே நாதோஸ்டோமா என்ற புழுவின் குஞ்சு இருக்கலாம். பச்சையாகவோ அரைவேக்காடாகவோ தின்றால் அது நம் தோலுக்கடியில் ஊர்ந்து திரியும். அபூர்வமாகக் கண்ணுக்கும் மூளைக்கும் போகும். எலுமிச்சைச் சாறு சதையை வெளுக்க வைக்கும், அவ்வளவுதான்; புழு சாகாது. துண்டின் நடுவரை நன்றாக வேக வேண்டும். அசல் விலாங்கு கிடைத்தால் அதன் பச்சை ரத்தம் கண்ணில் படாமல் பாருங்கள், அதில் நஞ்சு உண்டு. வெந்தால் போய்விடும்.

அப்புறம் விலை. தமிழ்நாட்டிலிருந்து வந்த சித்தப்பா கிலோ விலை என்று நினைத்து வாயைப் பிளந்தார். கடைக்காரம்மா சொன்னது வீசைக்கு. இங்கே ஒரு வீசை 1.63 கிலோ, அவர் சின்ன வயதில் கேட்ட ஊர் வீசையோ 1.4 கிலோதான்.