கல்யாண வீடியோ கேசட்டைக் கணினிக்கு மாற்றும் முறை

1980களின் பிற்பகுதியிலும் 90களிலும் நம் ஊர்களில் எடுக்கப்பட்ட கல்யாண வீடியோக்கள் பெரும்பாலும் விஎச்எஸ் கேசட்டுகளில்தான் இருக்கின்றன. இவற்றை ஓட்டும் கருவிகளான டெக்குகளைக் (விசிஆர்) கடைசிவரை தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. எனவே கேசட் நன்றாக இருந்தாலும், அதை ஓட்ட நல்ல டெக் கிடைப்பது ஆண்டுக்காண்டு அரிதாகிவருகிறது. இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

முதலில் கேசட்டைச் சோதியுங்கள். பக்கவாட்டில் உள்ள சிறு பொத்தானை அழுத்தி முன்மூடியைத் தூக்கினால் நாடா தெரியும்; மேலே உள்ள கண்ணாடி வழியாகச் சுருளையும் பாருங்கள். சுருளின் விளிம்பில் வெள்ளைப் பொடியோ புள்ளிகளோ இருந்தால் அது பூஞ்சை. பீரோவுக்குள் பல மழைக்காலங்களைக் கண்ட கேசட்டுகளில் இது சாதாரணம். அத்தகைய கேசட்டை ஓட்டினால் நாடாவைப் படிக்கும் பாகமான டெக்கின் ஹெட்டில் பூஞ்சை அப்பிக்கொண்டு, அடுத்து போடும் கேசட்டுகளுக்கும் பரவும் என்பதால், அதைத் தனியே எடுத்துவைத்து, நாடாவைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது. நாடா சுத்தமாக இருந்தால், லேபிள் ஒட்டும் முதுகுப்பக்கத்தின் ஓரத்தில் உள்ள சிறிய பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிடுங்கள்; பிறகு தவறுதலாக எதுவும் பதிவாகாது.

அடுத்ததாக, முக்கியமில்லாத ஒரு கேசட்டைப் போட்டு டெக் நாடாவைக் கடிக்கவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். கல்யாணக் கேசட்டை ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றினால், பல்லாண்டு அசையாமல் கிடந்த நாடா தளர்ந்து சீராகும். டெக்கின் மஞ்சள் பின்னைப் படத்துக்கும், வெள்ளை, சிவப்புப் பின்களை ஒலிக்கும் யுஎஸ்பி கேப்சர் கருவியில் (டெக்கின் படத்தையும் ஒலியையும் கணினிக்குள் கொண்டுவரும் சிறு கருவி) இணையுங்கள். டெக்கிலும் கருவியிலும் எஸ்-வீடியோ (நிறத்தையும் வெளிச்சத்தையும் தனித்தனியே அனுப்பும் இணைப்பு) இருந்தால் மஞ்சளுக்குப் பதில் அதையே பயன்படுத்துங்கள். நிறங்கள் குறைவாகக் கசியும்.

ஓபிஎஸ், விர்ச்சுவல்டப் போன்ற இலவச மென்பொருள்களில் பதிவு செய்யலாம். இந்தியாவிலும் இலங்கையிலும் பயன்பட்டது பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறை என்பதால் 720×576 அளவையும் விநாடிக்கு 25 படச்சட்டங்களையும் தேர்ந்தெடுங்கள். அமெரிக்காவிலிருந்தோ கனடாவிலிருந்தோ உறவினர் அனுப்பிய கேசட் என்றால் அது அந்நாடுகளின் தொலைக்காட்சி முறையான என்டிஎஸ்சியாக (NTSC) இருக்கும், அதை ஓட்டக்கூடிய டெக் வேண்டும். படத்தில் கோடுகள் ஓடினால், ஹெட் நாடாவைச் சரியாகப் படிக்க உதவும் டெக்கின் டிராக்கிங் அமைப்பைச் சரிசெய்துவிட்டுப் பதிவைத் தொடங்குங்கள். மூன்று மணி நேரக் கேசட்டுக்கு மூன்று மணி நேரம் ஆகும். இதில் குறுக்குவழி இல்லை.

முடிந்ததும் ஒலி பிசகியிருக்கிறதா என்று பாருங்கள். படச்சட்டங்கள் விடுபட்டிருந்தால், தொடக்கத்தில் சரியாக இருக்கும் ஒலி போகப்போக விலகும். இதைக் கண்டுபிடிக்கத் தவில்காரரின் கையைவிடச் சிறந்த அளவுகோல் இல்லை: கெட்டிமேளத்தின்போது கை விழும் கணத்தில் ஓசை கேட்க வேண்டும். பல வீடியோக்களில் ஸ்டூடியோக்காரர்கள் சினிமாப் பாட்டைச் சேர்த்து அசல் ஒலியை மறைத்திருப்பார்கள். பாட்டு நிற்கும் சில விநாடிகளில்தான் மறைந்துபோன பெரியவர்களின் குரல் கேட்கும். ஆகவே அமைதியான பகுதி என்று எதையும் வெட்டிவிடாதீர்கள்.

முதற்பதிவை எந்த மாற்றமும் செய்யாமல் அப்படியே வைத்துக்கொண்டு, அதிலிருந்து எம்பி4 நகல் ஒன்றை உருவாக்குங்கள். கை அசையும்போது சீப்புப்பல் போன்ற கோடுகள் தெரிந்தால், நகலெடுக்கையில் அந்தக் கோடுகளை நீக்கும் டீஇன்டர்லேஸ் வசதியைப் பயன்படுத்துங்கள். அகலத்திரைக்காகப் படத்தை இழுக்காமல் 4:3 விகிதத்திலேயே விடுங்கள். இழுத்தால் மணமக்களின் முகம் அகன்றுவிடும். முதற்பதிவை இரண்டு வெளி ஹார்டுடிஸ்க்குகளில் சேமித்து, ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள். கோப்பின் பெயரில் கல்யாணத் தேதியையும் ஊரையும் எழுதுங்கள். வீட்டுப் பெரியவர் ஒருவரை அருகில் உட்காரவைத்துப் படத்தைப் பார்த்து, பந்தியிலும் மணமேடையிலும் இருப்பவர்கள் யார் யார் என்று கேட்டு நேரக்குறிப்புடன் எழுதி, அதையும் கோப்போடு சேர்த்துவையுங்கள்.