காரின் டிக்கி மூடியில் ஸ்பாய்லர் பொருத்துதல்: துருவுக்கு இடம் கொடுக்காமல் துளையிடும் முறை

காரின் பின்புறம் இறக்கைபோல் நிற்கும் ஸ்பாய்லரைப் பொருத்தும் வேலையில் துளையிடுவதுதான் கடினமான பகுதி என்று முதன்முறை செய்பவர்கள் பலர் அஞ்சுகிறார்கள். மெல்லிய தகட்டில் ஒரு துளை போட இரண்டு நிமிடம்கூட ஆகாது. துளை விழுந்த பிறகு, வெட்டுப்பட்டு வெளியே தெரியும் தகட்டின் விளிம்பை எப்படி மூடுகிறோம் என்பதைப் பொறுத்தே டிக்கி மூடியின் ஆயுள் அமைகிறது. இரும்பும் நீரும் ஆக்சிஜனும் ஒன்றுசேரும் இடத்தில் துரு உண்டாகும். அவை சேராதபடி தொழிற்சாலையில் பூசப்பட்ட துத்தநாகம், பிரைமர், பெயின்ட் ஆகிய அடுக்குகள் அனைத்தையும் டிரில் பிட் ஒரே நொடியில் அறுத்துவிடுகிறது.

துளை தேவையா என்று முதலில் பாருங்கள்

டிக்கி மூடியின் விளிம்போடு படிந்து நிற்கும் தட்டையான லிப் ஸ்பாய்லர்களை டபுள் சைடு டேப் மூலமே பொருத்தலாம். உயரமான கால்களுடன் வருபவற்றின் மீது காற்றின் விசை அதிகம் விழும் என்பதால் அவற்றுக்குப் போல்ட் கட்டாயம். டேப்பை மட்டும் நம்பி ஒட்டினால், அது கழன்று பின்னால் வரும் வண்டியின் மீது விழக்கூடும். சாதாரண சாலை வேகத்தில் ஸ்பாய்லரால் கார் ஓடும் விதத்தில் பெரிய மாற்றம் எதுவும் தெரியாது. ஆகவே தோற்றத்துக்காக மட்டும் வேண்டுமென்றால், ஒட்டும் வகையை வாங்கி, தகட்டைத் தொடாமல் விடுவதே என் பரிந்துரை.

ஒட்டுவதாக இருந்தால், பரப்பைச் சோப்பு நீரால் கழுவி உலர்த்தியபின் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்து, மெழுகும் பாலிஷும் முற்றிலும் நீங்கியதை உறுதி செய்ய வேண்டும். தகடு தொட்டால் இதமான சூட்டில் இருக்கும்போது டேப் நன்றாகப் பிடிக்கும்; குளிரில் பிடிப்பு குறையும். ஒட்டியபின் முழு நீளத்துக்கும் அழுத்திவிட்டு மூன்று நாட்கள் காரைக் கழுவாமல் விடுங்கள், ஏனெனில் இவ்வகைப் பசை முழு வலிமை பெறச் சுமார் 72 மணி நேரம் ஆகும். இனி வருபவை அனைத்தும் போல்ட் வகைக்கு உரியவை.

அளவெடுத்தல்

பெயின்ட் அடிக்காத ஸ்பாய்லரை வாங்கியிருந்தால், அதை டிக்கி மீது வைத்துப் பார்த்து, வளைவு பொருந்துகிறது என்று தெரிந்தபின்பே பெயின்ட்டுக்கு அனுப்புங்கள். பொருந்தாத ஸ்பாய்லரைப் போல்ட்டின் இறுக்கத்தால் வளைத்துப் படியவைக்க முயன்றால் ஒரு நாள் அது விரிசல் விடும். டிக்கி மூடியைத் திறந்து மூடும்போது பின் கண்ணாடியில் இடிக்கிறதா, கூடுதல் எடையை மூடியின் ஸ்பிரிங் அல்லது கேஸ் ஷாக் தாங்குகிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிட வேண்டும்.

மேற்பரப்பில் மாஸ்கிங் டேப்பை அகலமாக ஒட்டி, இரு ஓரங்களிலிருந்தும் அளந்து நடுக்கோடு போடுங்கள். ஸ்பாய்லருடன் வரும் காகித அச்சை அந்தக் கோட்டோடு பொருத்தித் துளைகளின் இடங்களைக் குறியுங்கள். அச்சு வரவில்லையென்றால், ஸ்பாய்லரின் அடிப்பகுதியைத் தடித்த காகிதத்தில் வரைந்து, போல்ட் துளைகளைக் குத்தி எடுத்து நீங்களே ஒன்று செய்துகொள்ளலாம். பிறகு டிக்கியின் உட்புற உறையைக் கழற்றி, குறித்த இடங்களுக்கு நேர் கீழே வயரோ பூட்டின் பாகங்களோ இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மேல்தகட்டுக்குக் கீழே உள்ள உட்சட்டம் குறுக்கே வந்தால், சாக்கெட் நுழையும் அளவுக்கு அதில் மட்டும் பெரிய துளை போட்டு, போல்ட் மேல்தகட்டை மட்டும் பிடிக்கும்படி செய்ய வேண்டும். இரண்டையும் சேர்த்து இறுக்கினால் இடைவெளி நெரிந்து மேல்தகட்டில் குழி விழும்.

துளையிடுதல்

பிட் வழுக்காதபடி குறியின் மீது சென்டர் பஞ்ச்சை மெதுவாகத் தட்டிச் சிறு பள்ளம் ஏற்படுத்துங்கள். கார் மேல்தகட்டின் தடிமன் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பலமாகத் தட்டினால் அதுவே ஒடுக்காகிவிடும். முதலில் 3 மி.மீ. பிட்டால் தொடங்கி, படிக்கட்டுபோல் விரிந்துசெல்லும் கூம்பு வடிவ ஸ்டெப் பிட்டால் படிப்படியாக அகலப்படுத்துங்கள். 6 மி.மீ. போல்ட்டுக்கு 7 மி.மீ. துளை போதுமானது. டிரில்லின் மீது உடல் எடையைச் சாய்க்க வேண்டாம். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் தொடங்கவும் வேண்டாம்.

துளையிடும்போது தெறிக்கும் இரும்புத் துகள்கள் அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை. ஆனால் பெயின்ட்டின் மீது தங்கியவை ஈரம் பட்டதும் துருப்பிடித்து, தகடு நன்றாக இருக்கும்போதே மேலே பழுப்புப் புள்ளிகளை உண்டாக்கும். அவற்றைத் துணியால் தேய்த்தால் கீறல் விழும். வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் உறையில் சுற்றிய காந்தத்தைத் தகட்டில் படாமல் மேலாகக் காட்டி மீதியை எடுங்கள். மூடியின் உட்கூட்டுக்குள் விழுந்தவற்றையும் அதேபோல் எடுக்க வேண்டும்.

விளிம்பை மூடுதல்

துளையின் உள்விளிம்பில் இருக்கும் பிசிறுகளை உருண்டை அரத்தால் ராவி எடுங்கள். கூர்மையான முனையில் பெயின்ட் நிற்காமல் இழுத்துக்கொள்ளும் என்பதால், விரல் நுனிக்கு மழமழப்பாகத் தட்டுப்படும்வரை ராவ வேண்டும். ஆல்கஹாலால் துடைத்து உலர்ந்தபின், எபாக்சி பிரைமரையோ துத்தநாகம் கலந்த பிரைமரையோ மெல்லிய தூரிகையால் துளையின் சுற்றுச்சுவர் முழுதும், மேலும் கீழும் சில மில்லிமீட்டர் பரவும்படி பூசுங்கள். அது உலர்ந்ததும் இரண்டாம் பூச்சு, அதன்மேல் டச்-அப் பெயின்ட். ஒவ்வொரு பூச்சும் டப்பாவில் குறிப்பிட்டுள்ள நேரம் உலர வேண்டும். மறுநாள்வரை காத்திருக்க நேர்ந்தாலும் பொறுத்திருங்கள். உட்சட்டத்தில் போட்ட துளைக்கும் இதே பூச்சு தேவை.

சீலன்ட் வாங்கும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். உலரும்போது வினிகர் வாடை வீசும் சிலிக்கோன் அசிட்டிக் அமிலத்தை வெளியிடும், அது தகட்டையே அரிக்கும். நியூட்ரல் வகை சிலிக்கோனோ பாலியூரித்தேன் சீலன்டோதான் இங்கே ஏற்றது. ஒவ்வொரு துளையையும் சுற்றி அறுபடாத வளையமாக அதைப் போட்டு, ஸ்பாய்லரின் காலுக்கும் தகட்டுக்கும் இடையே ரப்பர் அல்லது ஃபோம் கேஸ்கெட்டை வையுங்கள். காலின் விளிம்பு முழுதையும் சீலன்டால் அடைத்துவிடுவது பாதுகாப்பானது போலத் தோன்றினாலும், எங்கோ ஒரு வழியாக உள்ளே போகும் நீர் வெளியேற வழியின்றி அங்கேயே தேங்கும். தாழ்வான பக்கத்தில் சிறு இடைவெளி விடுங்கள்.

டிக்கி மூடி அலுமினியத்தால் ஆனதென்றால் துருவுக்குப் பதிலாக வேறொரு சிக்கல் உண்டு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டோ கார்பன் ஃபைபரோ நேரடியாக அலுமினியத்தைத் தொட்டு, இடையில் ஈரமும் சேர்ந்தால், அலுமினியம் அரிக்கப்படும். நைலான் வாஷரும் கேஸ்கெட்டும் இடையில் இருந்தால் அந்தத் தொடர்பு அறுபடும்.

இறுக்குதலும் சோதித்தலும்

இருவர் சேர்ந்து ஸ்பாய்லரை இறக்கி வைத்து, எல்லாப் போல்ட்டுகளையும் கையால் முடுக்கி, இருபுற இடைவெளியும் சமமாக இருப்பதைப் பார்த்தபின், மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். அகலமான வாஷர் அவசியம். கேஸ்கெட் லேசாக அமுங்கியதும் நிறுத்திவிட வேண்டும். ஏபிஎஸ் பிளாஸ்டிக் ஸ்பாய்லரில் போல்ட் தளராமல் பிடிக்கும் திரவப் பசையான திரெட் லாக்கரைப் பூசாதீர்கள், பிளாஸ்டிக்கில் பட்டால் விரிசல் விடும். ஸ்பிரிங் வாஷரே போதும்.

பிரேக் லைட் உள்ள ஸ்பாய்லரானால், வேலை தொடங்கும் முன்பே பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, வயரை ரப்பர் கிராமெட் (துளையின் விளிம்பில் பொருந்தும் வளையம்) வழியாக மட்டுமே தகட்டைக் கடக்க விடுங்கள்.

சீலன்ட் உலர்ந்தபின், டிக்கிக்குள் ஒவ்வொரு போல்ட்டின் கீழும் டிஷ்யூ காகிதத்தை டேப்பால் ஒட்டி, மூடியைச் சாத்திவிட்டு, அழுத்தம் குறைந்த நீரைச் சில நிமிடங்கள் ஓடவிடுங்கள். காகிதம் நனைந்திருந்தால் அந்தப் போல்ட்டைக் கழற்றி மறுபடி சீலன்ட் போட வேண்டும். நனையவில்லையென்றால் உட்புறத்தில் துருவைத் தடுக்கும் மெழுகான கேவிட்டி வாக்ஸ் அடியுங்கள். மூடியின் கீழ் ஓரத்தில் உள்ள வடிகால் துளைகளை அது அடைத்துவிடக் கூடாது.

ஒரு வாரம் ஓட்டியபின் போல்ட்டுகள் தளர்ந்தனவா என்று பாருங்கள். பிறகு கார் கழுவும்போதெல்லாம் கால்களைச் சுற்றி விரலை ஓட்டினாலே போதும். துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் பெயின்ட்டைக் கீழிருந்து தூக்கிக் கொப்புளமாகக் காட்டிக்கொடுக்கும். கொப்புளம் தெரிந்தால் மேலே பெயின்ட் பூசி மறைக்க வேண்டாம். ஸ்பாய்லரைக் கழற்றி, பளபளக்கும் தகடு தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, குழிகளில் எஞ்சியதற்கு துருவை வேதிவினையால் நிலைப்படுத்தும் ரஸ்ட் கன்வெர்ட்டர் இட்டு, பிரைமரிலிருந்து மீண்டும் தொடங்கிப் புதிய கேஸ்கெட்டுடன் பொருத்துங்கள்.